ஓடியது ஆளா, அறையா?

சமையலறையிலிருந்து வட்டமான முறுக்கு டின் ஒன்றை வாங்கி வாருங்கள். (முறுக்கைக் காலி செய்வது உங்கள் பொறுப்பு.) உள்சுவரில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, உள்ளே ஒரு கோலிக்குண்டைப் போட்டு, டின்னைப் படுக்கவைத்து மெல்ல உருட்டுங்கள். கோலி அடியிலேயே கிடக்கும். ஸ்டிக்கரோ மேலே ஏறி, தலைகீழாகி, இறங்கி வரும்.

இதே விளையாட்டை 30 டன் எடையில் ஆடியிருக்கிறார்கள்!

1968இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தில், விண்கலத்துக்குள் சக்கரம் போல ஓர் அறை. தரையே வளைந்து சுவராகி, கூரையாகி, திரும்பவும் தரையாகிறது. அதில் ஒருவர் சுற்றிச் சுற்றி ஓடுகிறார். படத்தின் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக். கதை நடக்கும் இடங்களை யோசித்து வரைந்தவர்களோ டோனி மாஸ்டர்ஸ், ஹாரி லாங்கே, எர்னஸ்ட் ஆர்ச்சர் என்ற மூன்று தயாரிப்பு வடிவமைப்பாளர்கள். நம்மூரில் கலை இயக்குநர் என்கிறோமே, ஏறக்குறைய அந்த வேலைதான். லாங்கே அதற்கு முன் நாசாவுக்காக விண்கலங்களை வரைந்தவர்.

விமானம் கட்டிய விக்கர்ஸ்-ஆம்ஸ்ட்ராங் நிறுவனம் அந்தச் சக்கரத்தை இங்கிலாந்தில் செய்து கொடுத்தது. குறுக்களவு 38 அடி, அதாவது மூன்று மாடி உயரம்! வேகம் மட்டும் அதிகபட்சம் மணிக்கு 3 மைல், நாம் நடக்கிற வேகம்தான். ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி? சுற்றளவு கண்டுபிடிக்கத் தெரியுமே, போட்டுப் பாருங்கள். 27 வந்தால் சரி.

கதையில் அறை சுழல்வது, விண்வெளியில் கால் தரையில் பதிவதற்காக. படப்பிடிப்பு நடந்ததோ பூமியில். இங்கே புவியீர்ப்பு எப்போதும் கீழ்நோக்கியே இழுக்கும். அதனால் நடிகர் கோலியைப் போல அடியிலேயே ஓடினார். அவரைச் சுற்றி அறைதான் உருண்டது. கேமராவைச் சக்கரத்தோடு பொருத்திவிட்டால் அதுவும் கூடவே சுற்றும். ஸ்டிக்கர் மேல் உட்கார்ந்திருக்கும் எறும்புக்கு, கோலிதானே சுவரேறுவதுபோல் தெரியும்?

ஒரு காட்சியில், ஒருவர் நாற்காலியில் அமர்ந்து சாப்பிடுகிறார்; இன்னொருவர் எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாக நடந்து வருகிறார். உண்மையில் தலைகீழாகத் தொங்கியவர் சாப்பிடுகிறவர்தான். கேரி லாக்வுட் என்ற அந்த நடிகரை நாற்காலியோடு வார்போட்டுக் கட்டி, சாப்பாட்டையும் ஒட்டிவைத்திருந்தார்கள். பாவம், வாய்க்குள் என்ன போயிருக்கும்!

வடிவமைப்பாளர்கள் மூவரின் பெயரும் ஆஸ்கர் விருதுக்குப் போனது. ஆனால் அந்த ஆண்டின் கலை இயக்க விருது ‘ஆலிவர்!’ படத்துக்குக் கிடைத்தது. என் ஓட்டு சக்கரத்துக்குத்தான்.