ஏரியும் வேலியும்

மேல்நாட்டு ஏரிக்கரைகளில் உள்ள உல்லாச ஹோட்டல்களின் விளம்பரங்களைப் பார்த்த நேயர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கலாம். மலைக்காட்சி, படகுத்துறை, உணவு முதலியவற்றை வர்ணித்த பிறகு, விருந்தினருக்கு மட்டுமே உரிய ஸ்நானக் கரை ஒன்று உண்டு என்பதையும் அவை பெருமையாகச் சொல்லுகின்றன. கோடை விடுமுறைக்கு அந்நாடுகளுக்குச் செல்லும் நம்மவர்களும் இப்பொழுது பெருகியிருக்கிறார்கள். ஆகவே, ஏரியை ஒரு ஹோட்டல் தனக்குரியதென்று சொல்லிக் கொள்ள முடியுமா, அங்கே எழுதி மாட்டியிருக்கும் நீச்சல் விதிகளில் எவை நம் உயிரைக் காப்பவை, எவை வெறும் அந்தஸ்தைக் காப்பவை என்பதைச் சற்று ஆராய்வது பயனுடையதாகும்.

முதலில் உரிமையைக் கவனிப்போம். ஏரி என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று பகுதிகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று நீர், மற்றொன்று எப்பொழுதும் உலர்ந்திருக்கும் மேட்டு நிலம், இவ்விரண்டுக்கும் இடையே, நீர் ஏறும்போது மறைந்து இறங்கும்போது வெளிப்படும் மணற்பட்டை மூன்றாவது. வழக்குகள் பெரும்பாலும் இந்த மூன்றாவது பகுதியைப் பற்றியே எழுகின்றன.

ஜெர்மனியின் தென்பகுதியான பவேரியாவை எடுத்துக் கொள்வோம். மகாயுத்தத்தில் நகரங்கள் இடிந்து, ஜனங்கள் உணவுக்கும் விறகுக்கும் அலைந்து கொண்டிருந்த 1946-ம் வருஷத்தில் அந்த ராஜ்யம் புதிய அரசியல் சாஸனம் ஒன்றை வகுத்துக் கொண்டது. அதன் 141-வது பிரிவு, இயற்கையின் அழகை அனுபவிக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று கூறுகிறது. மலைகளுக்கும் ஏரிகளுக்கும் நதிகளுக்கும் செல்லும் வழியைத் திறந்து வைப்பது சர்க்காரின் கடமை, ஊராட்சிகளின் கடமை என்றும், அவசியமானால் தனியார் சொத்துரிமையைக் கட்டுப்படுத்தியாவது அதைச் செய்ய வேண்டும் என்றும் விதிக்கிறது. வயிற்றுக்குச் சோறில்லாத காலத்தில் ஒரு ஜனசமூகம் ஏரிக்குப் போகும் வழியைப் பற்றிக் கவலைப்பட்டது வியப்பன்றோ!

ஆயினும் சட்டத்தின் சொல் வேறு, கரையின் நிலை வேறு. ஸ்டார்ன்பெர்க் ஏரியின் நீர் ராஜ்யத்துக்குச் சொந்தம். கரையிலோ நெடுந்தூரத்துக்கு மாளிகைகளும் தோட்டச் சுவர்களுமே நிற்கின்றன. பொதுத் துறையில் இறங்கி ஒருவன் ஹோட்டலுக்கு எதிரே நீந்திச் செல்வதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் ஹோட்டலின் தோட்டத்தின் வழியாக நடந்து சென்று அவன் நீரில் இறங்க முடியாது. அதனாலேயே, பொஸ்ஸன்ஹோபன் போன்ற இடங்களில் பொதுஜனங்களுக்கென்று பெரிய புல்வெளிகளைக் கரையோரமாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் தாஹோ என்னும் மலை ஏரியின் கதை இன்னும் விசித்திரமானது. அதன் ஒரு பக்கம் கலிபோர்னியாவிலும் மறுபக்கம் நெவாடாவிலும் இருக்கிறது. ஏரியின் இயற்கையான விளிம்பு கடல் மட்டத்துக்கு 6,223 அடி உயரத்தில் உள்ளது. அணைக்கட்டின் மூலம் 6,229.1 அடி வரையில் நீரைத் தேக்கலாம். இந்த ஆறடி ஏற்றத் தாழ்வுக்குள் அடங்கும் கரைப்பட்டையில் பொதுஜனங்களுக்கு உரிமை உண்டென்று கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் 1981-ல் தீர்ப்பளித்தது. நெவாடாவிலோ 6,223 அடிக் கோட்டையே எல்லையாகக் கொண்டிருக்கிறார்கள். அதற்கு மேற்பட்ட கரை தனியாருடையதாக இருக்கலாம். ஏரி ஒன்றே, மணலும் ஒன்றே. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு ராஜ்ய எல்லையைத் தாண்டியதும் நடப்பவனின் உரிமை மாறிவிடுகிறது. கலிபோர்னியாப் பகுதியிலுங்கூட, ஏரி நிரம்பியிருக்கும் வருஷங்களில் அந்தப் பட்டை நீருக்குள் மூழ்கிப் போவதால், உரிமை இருந்தும் நடப்பதற்கு இடம் இராது.

வேலி சொத்துக்காக மட்டும் போடப்பட்டதாயின் அதைப் பொறுத்துக் கொள்ளலாம். மனிதனைப் பார்த்துப் போடப்பட்ட வேலிகளும் இருந்தன. ஆஸ்திரியாவில் மாட்ஸே என்னும் ஏரிக்கரை ஊருக்கு 1921-ம் வருஷக் கோடையில் சங்கீத மேதை அர்னால்ட் ஷோன்பெர்க் குடும்பத்துடன் சென்றிருந்தார். யூதர்கள் அவ்வூரில் தங்கக் கூடாதென்ற கிளர்ச்சியால் அவர் அங்கிருந்து வெளியேறி, வேறோர் ஏரிக்கரைக்குச் செல்ல நேர்ந்தது.

அதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்பு சிகாகோ நகரில் நேர்ந்தது இதனினும் கொடியது. மிச்சிகன் ஏரியில் வெள்ளையர் குளிக்கும் இடம், கறுப்பர் குளிக்கும் இடம் என்று வழக்கத்தினால் ஒரு கோடு ஏற்பட்டிருந்தது. நீரின் மேல் கோடு ஏது? 1919-ம் வருஷம் ஜூலை 27-ந் தேதி, யூஜீன் வில்லியம்ஸ் என்ற பதினேழு வயதுக் கறுப்பினச் சிறுவன் கட்டுமரம் போன்ற ஒரு மிதவையில் தோழர்களுடன் விளையாடிக் கொண்டிருந்தபோது, அது அந்தக் கோட்டைக் கடந்து மிதந்து சென்றது. கரையிலிருந்து ஒரு வெள்ளையன் கற்களை எறிந்தான். சிறுவன் நீரில் மூழ்கி மாண்டான். கல்லெறிந்தவனைக் கைது செய்யப் போலீஸ்காரர் மறுத்ததும் நகரெங்கும் கலகம் மூண்டது. 38 பேர் உயிரிழந்தனர். பொதுக்குளத்தின் நீரைத் தொடும் உரிமைக்காக 1927-ல் மகாட் நகரில் டாக்டர் அம்பேத்கர் நடத்திய போராட்டத்தை அறிந்த நமக்கு, இந்த வரலாறு அந்நியமானதாகத் தோன்றாது.

இவ்வளவையும் படித்துவிட்டு, விதிகள் எல்லாமே வெறும் அகம்பாவம் என்று எண்ணிவிடலாகாது. ஏரி பார்வைக்குச் சாதுவாயிருக்கும். அதன் இயல்பு வேறு. கோடை வெயில் மேல்நீரை மட்டுமே சூடாக்குகிறது. சில அடிகளுக்குக் கீழே நீர் திடீரென்று குளிர்ந்துவிடும். குளிர்ந்த நீரில் சட்டென்று குதிப்பவனுக்கு முதல் நிமிஷத்திலேயே மூச்சுத் திணறுகிறது. அந்தச் சமயத்தில் தலை நீருக்குள் இருந்தால், தேர்ந்த நீச்சல்காரனுக்கும் ஆபத்துத்தான். மேலும், உப்பு நீரைவிட நன்னீர் உடலைக் குறைவாகவே தாங்குகிறது. மலை ஏரிகளிலோ முழங்கால் ஆழத்திலிருந்து இரண்டே அடியில் பாதாளம் தொடங்குவதும் உண்டு.

எனவே, கயிறு கட்டிய எல்லையைத் தாண்டாதே, ஆழம் தெரியாத இடத்தில் தலைகீழாய்ப் பாயாதே, உடல் நடுங்கத் தொடங்கியதும் கரையேறு, குழந்தைகளைத் தனியே விடாதே என்னும் விதிகள் அனுபவத்தில் விளைந்தவை. காற்று நிரப்பிய மெத்தைகளை நம்பிக் குழந்தைகளை விடுவதும் தவறு; கரையிலிருந்து வீசும் காற்று அவற்றை நடு ஏரிக்கு இழுத்துச் சென்றுவிடும். பவேரிய ஏரிகளின் கரைகளில் செம்மஞ்சள் விளக்குகள் நாட்டியிருக்கிறார்கள். அவை நிமிஷத்துக்கு 40 முறை மின்னினால் பலத்த காற்று வரக்கூடும் என்று பொருள்; 90 முறை மின்னினால் புயல் நெருங்கிவிட்டது, உடனே கரை சேர வேண்டும். உல்லாச விடுதியின் விருந்தினன், வழிப்போக்கன் என்ற பேதம் அந்த விளக்குக்கு இல்லை.

ஏரிக்கரை ஹோட்டலில் தங்கப் போகும் குடும்பத்தினர் சில கேள்விகளை முன்னதாகவே கேட்டு வைத்துக் கொள்வது நலம். ஸ்நானக் கரை ஹோட்டலுடையதா, ஊரின் பொதுத்துறையா? அறைக்குக் கொடுக்கும் வாடகையில் அதுவும் அடங்குமா, தனிக் கட்டணம் உண்டா? காவல் நீச்சல்காரர் இருக்கிறாரா, எந்த நேரங்களில் இருக்கிறார்? ஐரோப்பிய யூனியன் நாடுகளில், பதிவு செய்யப்பட்ட ஸ்நானத் துறைகளின் நீரைக் கோடைக்காலத்தில் பரிசோதித்துத் தரம் பிரித்து வெளியிட வேண்டும் என்ற சட்டம் 2006 முதல் உண்டு. அந்தத் தரத்தையும் கேட்கலாம். பணியாள் பதில் சொல்லத் தயங்கினால், அந்தத் தயக்கமே போதிய பதிலாகும்.

உயிரைக் காக்கும் விதிக்குத் தலைவணங்குவோம். அதை நம் குழந்தைகளுக்கும் கற்பிப்போம். மனிதனை மனிதனிடமிருந்து பிரிப்பதற்காக மட்டும் கட்டிய கயிற்றை அந்த விதியோடு சேர்த்து எண்ண வேண்டாம். பனி உருகியும் மழை பெய்தும் ஏரி நிரம்புகிறது. எந்த ஹோட்டல் முதலாளியும் குடம் குடமாக ஊற்றி அதை நிரப்பவில்லை.