ஓட்டுநரைக் காத்த மாற்றம்

400 மீட்டர் ஓட்டத்தில் கலந்துகொள்ளும் மாணவர் எல்லைக்கோட்டைத் தொட ஒரு நிமிடத்திற்கு மேலாகும். ஏறத்தாழ அதே தொலைவை, அதாவது 402 மீட்டரை, 1970ஆம் ஆண்டிலேயே ஏழு வினாடிகளுக்குள் கடந்த பந்தயக் கார்கள் அமெரிக்காவில் இருந்தன. அப்போட்டிக்கு ‘டிராக்’ பந்தயம் என்று பெயர். வளைவே இல்லாத நேர்ப்பாதையில் இரண்டு கார்கள் அருகருகே நின்று, பச்சை விளக்கு எரிந்தவுடன் பாய்ந்தோடும். இத்துணை வேகத்தில் செல்வோரின் உயிரைக் காப்பது எங்ஙனம்?

அக்காலத்துக் கார்களில் இயந்திரம் முன்னே இருந்தது. ஓட்டுநரோ பின்சக்கர அச்சுக்கும் பின்னால், கவணில் வைத்த கல்லைப்போல் அமர்ந்திருந்தார். பாரம் பின்னே இருந்தால்தான் பின்சக்கரங்கள் தரையை நன்கு பற்றும் என்பது அதன் காரணம். ஆனால் கியர்ப் பெட்டி அவருடைய கால்களின் அருகிலேயே இருந்தது. இயந்திரம் வெடித்தால் கொதிக்கும் எண்ணெயும் தீயும் நேரே அவர் முகத்தை நோக்கி வரும். இத்தகைய இருக்கையில் பல ஆண்டுகள் துணிந்து அமர்ந்தனரே என்பதை எண்ணினால் நமக்கு வியப்பே மேலிடுகின்றது.

1970ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள், கலிபோர்னியாவின் லாங் பீச் நகருக்கு அருகில் புகழ்பெற்ற வீரர் டான் கார்லிட்ஸ் புறப்பட்ட கணமே அவருடைய காரின் கியர்ப் பெட்டி வெடித்துச் சிதறியது. கார் இரண்டாகப் பிளந்தது. அவர் தம் வலப்பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபோது, இயந்திரத்தை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தால் என்ன என்று அவர் சிந்திக்கலானார்.

இவ்வெண்ணம் முற்றிலும் புதியதன்று. முன்பே சிலர் முயன்றிருந்தனர். அக்கார்கள் நேராக ஓடாமல் தடுமாறின. கார்லிட்ஸின் புதிய காரும் முதலில் அவ்வாறே அலைந்தது. ஸ்டியரிங்கைச் சிறிது திருப்பினாலே முன்சக்கரங்கள் மிகுதியாகத் திரும்பியதே குறை என்பது பின்னர் விளங்கிற்று. கை அதிகம் திருப்பினாலும் சக்கரம் சிறிதே திரும்புமாறு அதனை மாற்றியமைத்தனர். கார் அம்புபோல் நேராக ஓடியது. 1971ஆம் ஆண்டு பொமோனா நகரில் நடந்த குளிர்காலப் போட்டியில் அதே காரில் அவர் வெற்றி பெற்றார். பாதுகாப்பான கார் வேகத்திலும் குறைந்ததன்று என்பதைக் கண்ட பிறர், சில ஆண்டுகளுக்குள் பழைய அமைப்பைக் கைவிட்டனர். வெற்றி கிட்டாதிருந்தால் அவ்வளவு விரைவில் மாறியிருப்பார்களா என்பது ஐயமே!

ஏனைய காப்புகளும் உண்டு. எல்லையைக் கடந்ததும் காரின் பின்னே வான்குடைகள் விரிந்து வேகத்தைத் தணிக்கும். ஓட்டுநர் தீப்பற்றாத பல அடுக்கு உடை அணிவார். மோதலின்போது தலை முன்னே வீசப்பட்டுக் கழுத்து முறியாதிருக்க, இராபர்ட் ஹப்பர்ட் என்னும் பேராசிரியர் அமைத்த ‘ஹான்ஸ்’ கருவி தலைக்கவசத்தைத் தோளோடு பிணைத்து நிற்கும். 2007ஆம் ஆண்டு எரிக் மெட்லன் என்ற இளைஞர், டயர் பழுதால் கார் கடுமையாக அதிர்ந்து, தலையில் அடிபட்டு உயிரிழந்தார். அதன்பின் ஓட்டுநரைச் சூழ்ந்துள்ள இரும்புக் கூண்டு அகலமாக்கப்பட்டது. மெத்தைக் காப்பும் தடிப்பாக்கப்பட்டது.

இருப்பினும் வேகம் வளர்ந்துகொண்டே சென்றது. 2008ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூ ஜெர்சியில் ஸ்காட் கலிட்டா என்ற வீரர், காரை நிறுத்த இயலாமல் பாதையின் முடிவையும் கடந்து சென்று மாண்டார். அடுத்த மாதமே, மிக வேகமான இருவகைக் கார்களுக்கும் பந்தயத் தொலைவு 1,000 அடியாக, அதாவது 305 மீட்டராகக் குறைக்கப்பட்டது. மரபு கெட்டதே என்று முணுமுணுத்தவர்களும் இருந்தனர். ஆனால் பாதையை நீட்டாமலேயே, காரை நிறுத்துவதற்கு ஏறத்தாழ 97 மீட்டர் கூடுதலாகக் கிடைத்தது.