மாடியில் ஓர் அறை

திருமழிசையில் ஜகந்நாதப் பெருமாள் கோயிலுக்குச் சற்றுத் தூரத்தில் என் நண்பர் ஒருவரின் வீடு இருக்கிறது. பாட்டனார் காலத்து வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், புழக்கடை எல்லாம் உண்டு. ஆனால் பிள்ளைக்குத் தை மாதம் கல்யாணம். புதுத் தம்பதிகளுக்கென்று தனியாக ஓர் அறை கிடையாது. முன்கட்டின் மச்சுமேல் ஒன்று எழுப்பிவிட்டால் போதும் என்று நினைத்தார்.

மேஸ்திரி வந்து பார்த்தார். “பழைய வீடுதானே, ஐயா! இதற்குப் பிளான் எதற்கு? சத்தமில்லாமல் முடித்துவிடலாம்” என்றார். நண்பருக்கு அரை மனசு. என்னிடம் வந்தார். நான் சரித்திரம் போதிப்பவன், வக்கீல் அல்ல. எனினும் இரண்டு இரவு உட்கார்ந்து சட்டத்தைப் புரட்டினேன்.

திருமழிசை சென்னைப் பெருநகர்ப் பகுதிக்குள் அடங்கியது. 1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டமும், 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளும் இங்கே செல்லும். வெள்ளையடிப்பது, பூச்சு வேலை, தரை போடுவது, உடைந்த ஓட்டை மாற்றுவது ஆகியவற்றுக்கு அநுமதி வேண்டியதில்லை. உட்புறத்துச் சிறு மாறுதல்களும் அப்படியே. ஆனால் வீட்டின் பரப்போ உயரமோ கூடுமானால் அது புதுக் கட்டடந்தான். பாட்டனார் கட்டியது என்பது பேரன் கட்டுவதற்குச் சலுகை ஆகாது.

“பின்னால் அபராதம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாமே?” என்றார் நண்பர். எல்லோரும் நம்பியிருப்பது இதைத்தான்! அப்படி ஒரு வழி இருந்தது உண்மை. 113-சி என்ற பிரிவு, 2007 ஜூலை 1-ந் தேதிக்குள் கட்டப்பட்டவற்றுக்கே இடம் கொடுத்தது. நாளைக்குக் கட்டுகிறவருக்கு அந்தக் கதவு திறவாது. அநுமதியற்ற கட்டடம் காலம் கடந்ததனால் மட்டும் முறையானதாகிவிடாது என்று 2024 டிசம்பரில் ஸுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்திருக்கிறது. பாங்கிக் கடனுக்கும் மின்சார இணைப்புக்கும் முறையான சான்றிதழ் வேண்டும் என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் வரும் நாளில் மேஸ்திரி எந்த ஊரில் இருப்பாரோ! சுயராஜ்யம் வந்து இத்தனை வருஷமாகியும், சர்க்கார் கண்ணில் படாமல் காரியம் முடிப்பதைச் சாமர்த்தியம் என்று எண்ணும் குணம் நம்மை விட்டுப் போகவில்லை.

சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்கு மேற்படாமல் தரையும் ஒரு மாடியுமாக வீடு கட்டுவோர் சுயசான்று கொடுத்து உடனே அநுமதி பெறும் திட்டம் 2024 ஜூலையில் வந்தது. பழைய கட்டடத்தின்மேல் எழுப்புவோர் அதையே நம்பி இறங்காமல், முதலில் ஸ்தல ஸ்தாபனத்தில் விசாரிப்பது நலம்.

அநுமதிச் சீட்டு மட்டும் வீட்டைத் தாங்கிவிடாது என்பதையும் சொல்லவேண்டும். 2014 ஜூன் 28-ந் தேதி, நமக்குச் சமீபத்திலுள்ள மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டார்கள். அதற்கும் அநுமதி இருந்தது. நண்பரின் மச்சோ மர உத்தரத்தின்மேல் நிற்பது. ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டாருக்கும் பொது. அவர்கள் வீட்டுத் தொட்டில் தொங்குவது அந்தச் சுவரோரத்தில்தான்.

இப்போது ஒரு இஞ்சினீயர் வந்து உத்தரங்களைத் தட்டிப் பார்த்திருக்கிறார். மாடியை விட்டுவிட்டுப் புழக்கடைப் பக்கம் தூண் நிறுத்திக் கட்டலாமா என்று யோசிக்கிறாராம். தை மாதத்துக்குள் அநுமதி கிடைக்காவிட்டால், கூடத்தின் நடுவே பலகைத் தட்டி வைத்து மறைத்துக்கொள்ளலாம் என்கிறார் நண்பரின் மனைவி. அதற்கு யாருடைய அநுமதியும் வேண்டியதில்லை.