வானூர்தி இரைச்சலும் ஊரவர் முயற்சியும்

கண்ணுக்கு இமை உண்டு; செவிக்கு அஃதில்லை. விரும்பாத காட்சியைக் கண்மூடித் தவிர்க்கலாம். விரும்பாத ஒலியை உறக்கத்திலும் தவிர்த்தல் அரிது. ஆதலின், ஒருவர் எழுப்பும் ஒலி மற்றொருவர் வீட்டினுள் அனுமதியின்றிப் புகும்போது, அது பொறுமையைப் பற்றிய செய்தியாக நில்லாது நீதியைப் பற்றிய வினாவாகிவிடுகின்றது. இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்த இடம் விமான நிலையங்களின் சுற்றுப்புறமாகும். பதுளையில் பயணிகள் விமான நிலையம் இல்லை. எனினும், பிற நாடுகளில் விமான நிலையங்களை அடுத்து வாழ்ந்த சாதாரண மக்கள் அரசாங்கங்களோடு வாதாடி எதனைப் பெற்றனர், எவ்வாறு பெற்றனர் என்பது, தொழிற்சாலைகளை அடுத்த லயன்களில் இரவிலும் இயந்திர ஒலி கேட்டு வாழும் ஊவாத் தோட்ட மக்களுக்குப் பயன்தரும் பாடமாகும்.

ஒலியின் வலிமை தெசிபெல் என்னும் அலகினால் அளக்கப்படுகின்றது. இவ்வலகு சாதாரண எண்களைப்போல் ஏறுவதில்லை. பத்துத் தெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகின்றது. செவிக்கோ அது ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றுகின்றது. விமான ஒலியைக் கணிப்பதில் மற்றுமொரு சிக்கலும் உண்டு. அதிகாரிகள் பல மணி நேரத்து ஒலியை ஒன்றுசேர்த்துச் சராசரி காண்பர். ஆனால் நள்ளிரவில் திடுக்கிட்டு எழும் குழந்தை சராசரியைக் கேட்டு விழிப்பதில்லை. தலைக்குமேற் சென்ற ஒரு விமானத்தின் ஒலி கேட்டே விழிக்கின்றது. இவ்விரு நோக்குகளும் மோதிய இடங்களிலேயே ஊரவர் இயக்கங்கள் பெரும்பாலும் தோன்றின.

இவற்றுள் தலையாயது ஜப்பான் நாட்டில் நிகழ்ந்ததாகும். ஒசாக்கா நகருக்கு அணித்தாயுள்ள இதாமி விமான நிலையம் நெருங்கிய குடியிருப்புகளின் நடுவே அமைந்தது. 1964ஆம் ஆண்டில் அங்கு ஜெற் விமானங்கள் வரத் தொடங்கியபின் இரைச்சல் பொறுக்கவொண்ணாததாயிற்று. அயலிலுள்ள கவனிஷி நகரத்து மக்கள் 1969ஆம் ஆண்டில் அரசாங்கத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். இரவு ஒன்பது மணி முதல் காலை ஏழு மணி வரை விமானங்கள் பறத்தலாகாது என்பதும், பட்ட துன்பத்திற்கு நட்டஈடு வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளாயிருந்தன. 1974ஆம் ஆண்டில் மாவட்ட நீதிமன்றம் பத்து மணி முதற்கொண்டே தடை விதித்தது. அடுத்த ஆண்டில் மேல் நீதிமன்றம் ஒன்பது மணிக் கோரிக்கையையே ஏற்றது. அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 1981ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தடைக் கோரிக்கையைத் தள்ளி, கடந்தகாலத் துன்பத்திற்குரிய நட்டஈட்டை மாத்திரம் உறுதி செய்தது.

சட்ட நூலிலே இது பாதித் தோல்வி. ஊரிலே அவ்வாறில்லை. வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே இரவு ஒன்பது மணிக்குப் பின்னான சேவைகள் நிறுத்தப்பட்டன. இன்றும் அந்நிலையம் காலை ஏழு மணி முதல் இரவு ஒன்பது மணி வரையே இயங்குகின்றது. 1994ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கன்சாய் விமான நிலையமோ கடல்நடுவே செயற்கைத் தீவொன்றின்மேற் கட்டப்பட்டது. குடியிருப்புகளை இரைச்சலினின்றும் காத்தல் அதற்குரிய முதன்மையான காரணங்களுள் ஒன்றாகும்.

தமிழர் பலரும் குடியேறி வாழும் மேற்கு இலண்டனில் ஹீத்றோ விமான நிலையத்தின் வரலாறும் இதனையொத்ததே. அங்கு இரவு விமானங்கள் பற்றி 1993ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட திட்டத்தை எதிர்த்துக் குடிமக்கள் எண்மர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை நாடினர். 2001ஆம் ஆண்டில் வெற்றி பெற்ற அவர்கள், 2003ஆம் ஆண்டில் பேராயத்தின் முன் முதன்மை வாதத்தில் தோற்றனர். எனினும், தம் குறையை உள்நாட்டு நீதிமன்றங்களிற் செவ்வனே முறையிட அவர்களுக்கு வழியிருக்கவில்லை என்பதை அப்பேராயமும் ஒப்புக்கொண்டது. மேற்குத் திசை நோக்கி விமானங்கள் இறங்கும் நாட்களில், பிற்பகல் மூன்று மணிக்கு ஓடுபாதையை மாற்றும் ஒழுங்கொன்றும் அங்கு நெடுங்காலமாக உள்ளது. அதனால் ஒவ்வொரு பகுதியினர்க்கும் அரைநாள் அமைதி கிட்டுகின்றது. இரைச்சலை அறவே ஒழிக்க இயலாதவிடத்து, அமைதியான நேரத்தையேனும் பங்கிட்டுக் கொடுக்கலாம் என்பது இதனாற் பெறப்படும்.

ஆசிரியர்கள் சிறப்பாக அறியத்தக்க ஆராய்ச்சி ஒன்று ஜெர்மனியில் நிகழ்ந்தது. மியூனிக் நகரின் பழைய விமான நிலையம் 1992ஆம் ஆண்டு மே மாதத்தில் மூடப்பட்டுப் புதியது வேறிடத்தில் திறக்கப்பட்டது. ஈரிடத்துச் சிறுவரும் இம்மாற்றத்திற்கு முன்னும் பின்னும் சோதிக்கப்பட்டனர். பழைய நிலையத்தை அடுத்து வாழ்ந்த பிள்ளைகளின் நினைவாற்றலும் வாசிப்புத் திறனும் அது மூடப்பட்டபின் முன்னேறின. புதிய நிலையத்தின் அயலிலுள்ள பிள்ளைகளிடத்து அவ்விரண்டும் குன்றின. மந்தபுத்தி என்று பிள்ளைமீது சுமத்தப்படும் குற்றம் சிலபோது இரைச்சலின் குற்றமாயிருத்தல் கூடும் என்பதை இது காட்டுகின்றது.

இலங்கையிலும் இதற்குச் சட்டம் உண்டு. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996ஆம் ஆண்டில் ஒலிக் கட்டுப்பாட்டு விதிகள் பிரகடனஞ் செய்யப்பட்டன. அவற்றின்படி பிரதேச சபை எல்லைகளுள் பொதுவாகப் பகலில் 55 தெசிபெலும் இரவில் 45 தெசிபெலும் மேலெல்லைகளாகும். 2007ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நாட்டின் உயர் நீதிமன்றம், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிகளுக்கு அனுமதி வழங்கலாகாது என ஒரு வழக்கிற் கட்டளையிட்டது. வழக்கு எழுந்தது பள்ளிவாசல் ஒன்றின் தொடர்பில். கட்டளையோ எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவானது. திருவிழாக் காலத்திற் கோயிற் கூம்பு ஒலிபெருக்கியை வைப்போரும் இதனை மனங்கொள்ளுதல் வேண்டும்.

ஊவாவின் நிலை யாது? லயன் அறைக்கும் அறைக்கும் இடையே ஒரு சுவரே உண்டு. மேலே தகரக் கூரை. தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் நெடுங்காலம் ஒரே மண்டபத்தில் தடுப்புச் சுவரின்றிப் பல வகுப்புகள் நடைபெற்றன. ஒரு வகுப்பின் வாய்பாடு மறுவகுப்பின் செய்யுளை விழுங்கிற்று. கவனிஷி மக்களுக்கும் தோட்ட மக்களுக்கும் பெரியதொரு வேறுபாடும் உண்டு. முன்னையோர் வழக்கிட்டது அரசாங்கத்தோடு. லயன்வாசியோ, தொழில் தருபவர் பொறுப்பிலேயே தன் குடியிருப்பும் இருக்க, இரவு இயந்திரத்தைப் பற்றி முறையிடுவதாயின் அவரிடமே முறையிடல் வேண்டும். உறக்கம் இழந்தவன் வீட்டையும் இழக்க அஞ்சுவானாயின் சட்டத்திலுள்ள 45 என்னும் எண் அவனுக்கு வெறும் எழுத்தே.

இவ்வச்சத்தைத் தணிக்கவல்லது கூட்டு முயற்சி. எந்நாள், எம்மணிக்கு, எவ்வளவு நேரம் ஒலி எழுந்தது எனக் குறித்துவைத்தல். அக்குறிப்பைத் தனியொருவர் பெயரால் அன்றித் தோட்டத்துச் சங்கங்களின் பெயரால் பிரதேச சபையிடமும் மத்திய சுற்றாடல் அதிகார சபையிடமும் சேர்த்தல். தொழிற்சாலையை மூடுக என்னாது, உறங்கும் நேரத்திற்கும் பரீட்சைக் காலத்திற்கும் அமைதி கேட்டல் ஆகிய இவை அனைத்தும் இயலக்கூடியனவே. குறிப்பெழுதத் தக்க கைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் உள. அவை இன்று பாடசாலையிற் பயில்வோரின் கைகளாகும்.