துப்பாக்கி சரியில்லையா... ஆள் சரியில்லையா?

"மாப்ள, துப்பாக்கி சரியில்லடா!"

கிரிக்கெட்டில் டக் அவுட்டா? பேட் சரியில்லை. அரியர் விழுந்துச்சா? கொஸ்டீன் பேப்பர் சரியில்லை. அந்த வரிசையில் நம்ம மாப்ளைக்குக் கிடைத்தது துப்பாக்கி!

மாப்ள, மதுரைக் கல்லூரி ஒன்றில் மூன்றாமாண்டு. என்.சி.சி-யில் .22 ரைஃபிளைத் தரையில் படுத்துச் சுட்டதில் கிறுக்குப் பிடித்து, ஏர் ரைஃபிள் பயிற்சிக்குக் கிளம்பியவன். கையில் இருப்பது உள்நாட்டுத் தயாரிப்பு .177 ஸ்பிரிங் ரைஃபிள். பத்து மீட்டர் தூரத்தில் நின்றுகொண்டு சுட்டால், அஞ்சு குண்டும் அஞ்சு திசைக்குப் போகும். "வெளிநாட்டு ரைஃபிள் வாங்கினாத்தான்டா தேறுவேன். அம்மாகிட்ட பேசிட்டேன். செயினை அடகு வைக்கலாம்னு சொல்லிருச்சு" என்றான் ஒருநாள். நமக்குத் திக்கென்றது. நல்ல வெளிநாட்டு மேட்ச் ரைஃபிள் லட்சங்களில் போகிற சமாச்சாரம். அந்த அம்மா கழுத்தில் இருப்பது அந்த ஒரே செயின்!

விஷயத்தைக் கோச் அண்ணன் காதில் போட்டோம். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "குறை துப்பாக்கியிலயா, உங்கிட்டயான்னு தெரியணும். அவ்வளவுதானே தம்பி? ஒரு ஃப்ரன்ட் ரெஸ்ட்ல வச்சுச் சுட்டுப் பாரு. அது பொய் சொல்லாது."

அது என்னங்க ஃப்ரன்ட் ரெஸ்ட்?

ரைஃபிளின் முன்பக்கக் கட்டையைத் தாங்குகிற ஒரு கனமான முக்காலி. நடுவில் ஏற்றி இறக்குகிற ஒரு தண்டு. அதன் உச்சியில் மணல் அடைத்த பை. பின்பக்கம் கட்டைக்குக் கீழே இன்னொரு சின்னப் பை. மனுஷனின் கை நடுக்கம், மூச்சு, இதயத் துடிப்பு எல்லாவற்றையும் முடிந்த அளவு கழித்துவிட்டு, துப்பாக்கி எப்படிச் சுடுகிறது என்று மட்டும் பார்க்கலாம். வெளிநாடுகளில் 'பெஞ்ச் ரெஸ்ட்' என்று இதற்கென்றே தனிப் போட்டி நடக்கிறது. 'எஃப் கிளாஸ்' என்று இன்னொன்று. கனடாக்காரர் ஜார்ஜ் ஃபார்குவர்சன் பெயரில்தான் அந்த 'எஃப்'. அதில் ஆயிரம் கெஜத்துக்கு அப்பால் இருக்கிற இலக்கைக்கூட ரெஸ்ட் வைத்து அடிக்கிறார்கள்.

நம்மூர் பசங்க பழகும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் கதை வேற. நின்றுகொண்டே சுட வேண்டும். ரைஃபிள் எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. மொத்தம் 60 குண்டுகள். இலக்கின் நடுப் புள்ளி எவ்வளவு தெரியுமா? அரை மில்லிமீட்டர்! பேனாவால் வைக்கிற ஒரு புள்ளி. குண்டின் அகலமே 4.5 மில்லிமீட்டர்தான். உச்சபட்ச மார்க் 10.9. மேட்சில் ரெஸ்ட்டுக்கு இடமே இல்லை. ஆனால், துப்பாக்கியைச் சோதிக்கவும், எந்த டப்பா குண்டு அதற்கு ஒத்துப்போகுது என்று பார்க்கவும் பெரிய வீரர்களும் துப்பாக்கியை அசையாமல் நிறுத்தித்தான் சுட்டுப் பார்க்கிறார்கள்.

செல்லூர் பட்டறையும் பழைய ஜீன்ஸும்

இறக்குமதி ரெஸ்ட் விலையைக் கேட்டுவிட்டு, செல்லூர் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் போனோம். நோட்டுப் பேப்பரில் படம் போட்டுக் காட்டினோம். "எதுக்குத் தம்பி மூணு காலு? நாலு வச்சா ஸ்ட்ராங்கா நிக்குமே?" என்று கேட்டார் பட்டறை அண்ணன். "நாலு கால்னா ஒண்ணு தூக்கிக்கிட்டு ஆடும்ணே. முக்காலி எந்தத் தரையிலயும் ஆடாது" என்றான் மாப்ள. "அட, ஆமால்ல!" என்று வெல்டிங்கைப் பற்றவைத்தார்.

கனமான இரும்புத் தகடு, காலுக்கு ஒன்றாக மூன்று போல்ட், நடுவில் மரை போட்ட தண்டு, உச்சியில் 'ப' வடிவத்தில் ஒரு தொட்டில். மொத்தம் ஆறு கிலோ. மணல் பைக்கு? மாப்ளயின் பழைய ஜீன்ஸ் கால் ஒன்றை அறுத்து, தையல்காரரிடம் இரட்டைத் தையல் போட்டு வாங்கினோம். வீடு கட்டுகிற இடத்தில் கேட்டு வாங்கிய ரெண்டு படி மணலைச் சலித்து, ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவைத்து, குத்திக் குத்தி அடைத்தோம். தளர்வாக அடைத்தால் சுடச் சுட ரைஃபிள் அமுங்கும் என்பதால், பை கல்லு மாதிரி இருக்கட்டும் என்று நம்ம மூளை சொன்னது. (இந்த மூளையைப் பிறகு கவனிப்போம்!) பின்பக்கப் பைக்கு ஒரு சாக்ஸில் ரேஷன் அரிசி. அதைக் கையால் அழுத்தினால் குறி ஒரு நூல் ஏறும், விட்டால் இறங்கும்.

மானம் போன முதல் நாள்

பயிற்சிக் கூடத்தில் முதலில் மாப்ள நின்றபடி சுட்டான். அஞ்சு அஞ்சாக அஞ்சு தாள். ஒரே ஒரு தாளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது கோச் அண்ணனின் கண்டிஷன். அளப்பது ரொம்ப ஈஸி. ரொம்பத் தள்ளி விழுந்த ரெண்டு ஓட்டைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்து, அதில் குண்டின் அகலமான 4.5-ஐக் கழித்துவிட வேண்டும். அதுதான் 'குரூப்'. சராசரி: 38 மில்லிமீட்டர்.

அடுத்து, புத்தம் புது ரெஸ்ட். ரைஃபிளை வைத்து, ஆடாமல் அசையாமல் அமுக்கிப் பிடித்துச் சுட்டான். சராசரி: 21 மில்லிமீட்டர்!

"பாத்தியாடா? ரெஸ்ட்ல வச்சும் 21! அப்ப துப்பாக்கிதானே மோசம்?" மாப்ள முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு. நமக்கோ அந்த அம்மாவின் செயின் கண் முன்னால் ஆடியது.

கோச் அண்ணன் வந்தார். மணல் பையை விரலால் தட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, அம்மிக்கல்லு மாதிரி இருக்கு? ரைஃபிள் குதிக்குதுப்பா!"

இங்கேதான் பிசிக்ஸ் எட்டிப் பார்க்கிறது. ஸ்பிரிங் ரைஃபிளில் ட்ரிக்கரை இழுத்ததும், உள்ளே அமுங்கியிருந்த ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் தள்ளும். அதனால் துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் எதிரே அழுந்திய காற்றில் மோதி நிற்கும்போது துப்பாக்கி முன்னால் துள்ளும். இந்த ரெண்டு குலுக்கலும் குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள்ளேயே ஆரம்பித்துவிடும். கெட்டியான பரப்பில் வைத்து இறுக்கிப் பிடித்தால், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி எகிறும். அதை அமுக்கக் கூடாது, ஒரே மாதிரி நகர விட வேண்டும். பீரங்கி சுட்டதும் தன் வண்டியோடு பின்னால் உருண்டு போகுமே, அந்த மாதிரி. இதற்கு 'பீரங்கிப் பிடி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் ஏர் ரைஃபிள் பிரியர்கள்.

பையில் கால்வாசி மணலைக் கொட்டினோம். நடுவில் லேசாகக் குழி விழுந்தது. குழல் எதிலும் படாமல், முன்கட்டை மட்டும் பையில் உட்கார்கிற மாதிரி வைத்தோம். தோளில் தொட்டும் தொடாமலும் ஒரு அணைப்பு. ஒவ்வொரு குண்டுக்கும் முன்கட்டையில் சாக்பீஸால் போட்ட அதே கோடு, பையின் அதே இடத்தில்.

டப்... டப்... டப்... டப்... டப்!

தாளில் அஞ்சு ஓட்டை காணோம். ஓரம் கிழிந்த ஒரே ஓட்டை. அஞ்சு தாளுக்கும் சராசரி: 8 மில்லிமீட்டர்!

மாப்ள ரொம்ப நேரம் பேசவே இல்லை.

கணக்கு வாத்தியார் வந்தார்!

"அப்போ 38-ல 8 போக, 30 என் தப்பு. நல்ல ரைஃபிள் வாங்கினா அந்த 8 மிச்சம்தானேண்ணே?" என்று கடைசி முயற்சியாகக் கேட்டான். இல்லை பாஸ்! ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ரெண்டு பிழைகள் நேராகக் கூடுவதில்லை, வர்க்கமாகத்தான் கூடும். அதனால் கழிக்கும்போதும் வர்க்கத்தைத்தான் கழிக்க வேண்டும். 38-ன் வர்க்கம் 1444. அதில் 8-ன் வர்க்கமான 64-ஐக் கழித்தால் 1380. அதன் வர்க்கமூலம் கிட்டத்தட்ட 37. அதாவது, துளிக்கூடப் பிழையே இல்லாத தேவலோகத் துப்பாக்கியை இவன் கையில் கொடுத்தாலும், 38 என்பது 37 ஆகும். ஒரு மில்லிமீட்டர்! அந்த ஒரு மில்லிமீட்டருக்குத்தான் ஒரு தாலிச் செயின் அடகுக் கடைக்குப் போகவிருந்தது.

கோச் அண்ணன் நியாயஸ்தர். "வெளிநாட்டு ரைஃபிள் வீண் இல்லப்பா. அழுத்தின காத்துல ஓடுறதால உதைக்காது. ட்ரிக்கர் பூ மாதிரி இருக்கும். உடம்புக்கு ஏத்த மாதிரி கட்டையை மாத்திக்கலாம். அதுல உன் சுடுதலும் கொஞ்சம் சீராகும். ஆனா, அது அடுத்த படி. இந்த 38-ஐ 20-க்குக் கொண்டா. அப்புறம் பேசுவோம்."

சாம்பியன்களுக்கும் இதே கேள்விதான்

எப்போதுமே ஆள் மேல்தான் தப்பா? அதுவும் இல்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் ஃபைனலில் அபினவ் பிந்த்ரா ஏழாவதாக வந்தார். அவர் நின்ற இடத்தில் தரை ஓடு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. 2008 பெய்ஜிங் ஃபைனலுக்கு முன் ஒத்திகைக் குண்டு எங்கேயோ போய் விழுந்தது. குறிக்கண்ணாடி தடம் மாறியிருந்தது. பதறாமல் அதைத் திருத்திவிட்டு, போட்டியின் முதல் குண்டிலேயே 10.7 அடித்தார். கடைசிக் குண்டு 10.8. தனிநபர் பிரிவில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம்! கருவி பிசகும்தான். ஆனால், பிசகியது எது என்று சோதித்துத் தெரிந்துகொண்டவருக்குத்தான் அந்தப் பேச்சு அழகு.

நம்ம கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், 2019-ல் உலகக் கோப்பை ஃபைனல்ஸ் தங்கம் வென்றவர். டோக்கியோ, பாரிஸ் ரெண்டு ஒலிம்பிக்கிலும் ஃபைனலுக்குள் நுழைய முடியவில்லை. துப்பாக்கியைக் குறை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடவில்லை. 2025 ஆசிய சாம்பியன்ஷிப்பில் 253.6 புள்ளிகளோடு மறுபடி தங்கம்!

ரெஸ்ட் வைத்தே விளையாடுகிற சாம்பியன்களும் உண்டு. பாரா ஷூட்டிங்கில் 'எஸ்.ஹெச்.2' பிரிவு, கையால் ரைஃபிளின் எடையைத் தாங்க முடியாதவர்களுக்கானது. ஸ்பிரிங் பொருத்திய ஸ்டாண்டில் ரைஃபிளைத் தாங்கச் செய்து சுடுவார்கள். 'அப்ப ஈஸிதானே' என்று நினைக்காதீர்கள். அந்த ஸ்பிரிங் ஆடும். எடையை வாங்கிக்கொள்ளுமே தவிர, குறியைப் பிடித்துக் கொடுக்காது. கர்நாடகாவின் ஸ்ரீஹர்ஷா தேவரட்டி ராமகிருஷ்ணா இந்தப் பிரிவில் 2024 பாரிஸ் பாராலிம்பிக் வரை போனவர். நமக்குச் சோதனைக் கருவியாக இருப்பது, அவர்களுக்கு மைதானத்துக்குள் நுழையும் வாசல்.

ஆர்வமா இருக்கா? ஒரு நிமிஷம்!

2022 ஜூலையில் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டிக்கு 'தல' அஜித் வந்து தங்கம் அடித்ததிலிருந்து பசங்களுக்கு இதில் ஏகப்பட்ட கிரேஸ். 20 ஜூலைத் தாண்டாத .177 ஏர் ரைஃபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. அதற்காக மொட்டை மாடியில் நின்று டப்பாவைச் சுடுகிற வேலை வேண்டாம். 2021 டிசம்பர் 30-ல் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, பாதுகாப்புப் படையினரின் சுடுதளத்திலிருந்து பறந்து வந்த தோட்டா ஒரு சிறுவனின் உயிரைக் குடித்தது. பயிற்சி பெற்றவர்களின் சுடுதளத்திலேயே அப்படி! கிளப்புக்குப் போங்க. கோச் இருக்கட்டும், பின்னால் குண்டைத் தாங்குகிற தடுப்பு இருக்கட்டும், கண்ணில் கண்ணாடி இருக்கட்டும். ஸ்பிரிங் ரைஃபிளைக் குண்டு போடாமல் வெறுமனே சுடாதீர்கள். பிஸ்டனின் சீல் போய்விடும்.

மூணு மாசம் கழித்து...

மாப்ள தினமும் காலையில் குண்டு போடாத ரைஃபிளைத் தூக்கி, வெறும் சுவரைப் பார்த்து அரை நிமிஷம் அசையாமல் நிற்கிறான். இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி. இருபது தடவை. கால் எங்கே வைக்கிறான் என்று தரையில் டேப் ஒட்டியிருக்கிறான். போன வாரக் கணக்குப்படி அவன் குரூப் 24 மில்லிமீட்டர். துப்பாக்கி? அதே துப்பாக்கிதான்!

செயின் அம்மா கழுத்திலேயே இருக்கிறது. அந்த ஆறு கிலோ ஃப்ரன்ட் ரெஸ்ட்? "வத்தல் காயப் போட்ட துணி காத்துல பறக்குதுடா. அந்த முக்காலியை இங்கிட்டுக் கொண்டா!" என்று அம்மா எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆடாமல் அசையாமல் நிற்குதாம்!