கசாயத்துக்கும் ரசத்துக்கும் எந்த மின்பாத்திரம்?

இரத்தோட்டைப் பக்கம் மழை பிடித்தால் விறகு காய்வதில்லை. வீடு திரும்பிய முதல் வாரங்களில், வயதானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு கொத்தமல்லிக் கசாயம் வைப்பதே பெரும்பாடாகிவிடும். மின்பாத்திரம் வாங்க நினைப்பவர்கள் கடைக்குப் போகுமுன் சுவரைப் பாருங்கள்.

பழைய வீடுகளிலும் லயங்களிலும் வட்டத் துளையுள்ள 5 அம்பியர் பிளக் பொயின்ட் இருக்கலாம். நமது மின்சாரம் 230 வோல்ட். ஆகவே அது தாங்குவது 1,150 வாட் மட்டுமே. மின் கேத்தல்கள் பலவும் 1,500 வாட்டுக்கு மேற்பட்டவை. அடப்டர் போட்டால் துளைதான் மாறும், உள்ளேயுள்ள வயர் மாறாது. வெள்ளம் புகுந்த வீடாயின், மின் வேலை தெரிந்தவர் வயரிங்கைச் சோதிக்கும்வரை எதையும் செருக வேண்டாம். நனைந்த பழைய குக்கரையும் அப்படியே.

கேத்தல் கசாயத்துக்கு ஏற்றதல்ல. கொதித்தவுடன் ஆவிபட்டுத் தானாக நின்றுவிடும். மூலிகை போட்டால் நுரைத்து வழியும். வெந்நீர் வைக்க மட்டும் அது நல்லது. தட்டிய மல்லி, இஞ்சியை பிளாஸ்க்கில் போட்டு அந்த வெந்நீரை ஊற்றி மூடி வைத்தாலே சாதாரணத் தடிமனுக்குப் போதும்.

ஒன்றுதான் வாங்க முடியுமென்றால், சுமார் 700 வாட் ரைஸ் குக்கரை எடுங்கள் என்பதே எங்கள் யோசனை. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 பாகை செல்சியஸைத் தாண்டாது. அதனால் சுவிட்ச் விழாமல் கொதித்துக்கொண்டே இருக்கும். சோறு, கஞ்சி, சூப் எல்லாம் அதிலேயே ஆகும். பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், பொங்கி வழியும். வற்றும் நேரத்தில் பக்கத்திலேயே நில்லுங்கள், அடி பிடித்துவிடும். உட்பாத்திரம் எவர்சில்வராக இருப்பது நல்லது. புளி, எலுமிச்சை, கொறக்காய் சேர்ந்தவற்றை வெறும் அலுமினியத்தில் வைக்கக் கூடாது.

எட்டுக் கோப்பையை ஒன்றாக வற்றவைக்கும் கசாயம் வேறு கணக்கு. ஏறக்குறைய ஒன்றரை லீற்றர் நீர் ஆவியாக வேண்டும். ஒருமுறைக்கே ஓர் அலகுக்கு மேல் மின்சாரம் போகும். தினமும் அது தேவைப்பட்டால் விறகடுப்பும் மண்சட்டியுமே மலிவு. அந்த மண்சட்டியை நம்பி இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிவிடாதீர்கள். காந்தம் ஒட்டாத பாத்திரம் அதில் சூடேறாது.