குலுக்கலில் வந்த போர்

1969 டிசம்பர் 1 இரவு வாஷிங்டனில் ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் 366 நீல நிறப் பிளாஸ்டிக் குப்பிகள் கிடந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு தேதி. முதலில் கைக்கு வந்தது செப்டம்பர் 14. 1944 முதல் 1950 வரை பிறந்த ஆண்களில் அந்நாளில் பிறந்தவர்களுக்கே வியட்நாம் போருக்கான கட்டாய ஆள்சேர்ப்பில் முதல் அழைப்பு. தொலைக்காட்சி இதை நேரடியாகக் காட்டியது. தேதிகள் வெளிவந்த வரிசையே அழைப்பு எண்; கடைசியில் 195ஆம் எண் வரை அழைத்தார்கள். குப்பிகளைச் சரியாகக் கலக்காததால், ஆண்டின் இறுதி மாதங்களில் பிறந்தவர்களுக்கே முன்வரிசை எண்கள் அதிகம் விழுந்தன என்று புள்ளியியலாளர்கள் பின்னர் காட்டினார்கள். அதிர்ஷ்டத்திலும் நியாயம் அமையவில்லை.

அந்த ஆண்டு ஏப்ரலில் வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படையினர் சுமார் 5,43,000 பேர். கல்லூரியில் படித்தால் தள்ளிவைப்பு கிடைத்தது. ஆலைத் தொழிலாளியின் மகனுக்கு அந்த வழி எளிதில் கிட்டவில்லை. 1967இல் படையில் சேர மறுத்த முகமது அலியின் குத்துச்சண்டைப் பட்டத்தைப் பறித்தார்கள். உச்ச நீதிமன்றம் அவரை விடுவிக்க நான்கு ஆண்டுகளாயின. பல்லாயிரம் இளைஞர்கள் கனடாவுக்குப் போனார்கள். 1970 மே 4 அன்று கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல்படை சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். மகனுக்கு எந்த எண் விழுந்தது என்ற கேள்வி வீட்டுக்குள் இருந்தவரை, போர் தொலைவில் நடக்கும் செய்தியாக இல்லை.

1973இல் கட்டாய ஆள்சேர்ப்பு முடிந்தது. இன்று விரும்பிச் சேர்ந்தவர்களின் ராணுவம். பயிற்சியும் ஊதியமும் மேம்பட்டன. மனமில்லாதவனை இழுத்துப் போகும் கொடுமை ஒழிந்தது. இதைச் சிறிய லாபம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஆப்கானிஸ்தான் போர் 20 ஆண்டுகள் நடந்தது. வியட்நாமில் பொதுவாக ஓராண்டுதான் பணிக்காலம்; ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் போனவர்களில் பலர் மூன்று முறை, நான்கு முறை அனுப்பப்பட்டார்கள். 2003 பிப்ரவரி 15 அன்று ஈராக் படையெடுப்புக்கு எதிராகப் பெருங்கூட்டம் திரண்டது உண்மை. அந்த வேகம் நீடிக்கவில்லை. வாஷிங்டனில் உள்ள வியட்நாம் போர் நினைவுக் கருங்கல் சுவரில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. ஆப்கானிஸ்தானில் இறந்த அமெரிக்கப் படையினர் சுமார் 2,400. இந்தக் குறைவில் ஆறுதல் உண்டு. போர் நீண்டுகொண்டே போனதற்கும் இதுவே ஒரு காரணம் என்று நினைக்கிறேன். (போர் நடந்த மண்ணில் இறந்தவர்களின் கணக்கு வேறு. வியட்நாம் அரசு 1995இல் வெளியிட்ட கணக்குப்படி, பொதுமக்களில் மட்டும் 20 லட்சம் பேர்.)

கொரியப் போரில் சண்டையிட்ட நியூயார்க்கைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் சார்லஸ் ரேங்கல், கட்டாயச் சேவையை மீட்கும் மசோதாவை 2003இல் கொண்டுவந்தார். போரை முடிவு செய்பவர்களின் பிள்ளைகளும் போக வேண்டியிருந்தால் முடிவுகள் மாறும் என்பது அவர் வாதம். மறு ஆண்டு அக்டோபரில் பிரதிநிதிகள் சபை அதை 402க்கு 2 என்று தோற்கடித்தது. விவாதத்துக்கே இடம் தராமல் அவசரமாக வாக்கெடுப்புக்கு விட்டதைக் கண்டித்த ரேங்கலும் எதிர்த்தே வாக்களித்தார்.